தமிழில் பேச மறுத்த அக்காவுக்கு

அக்கா,

இன்று காலைப் பூசை முடிந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, பக்கத்து வீட்டிலிருந்து மிளகாய் நெடி வந்து மூக்கில் ஏறிவிட்டது. அந்த வீட்டுப் பெண் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். நேற்று குழந்தையைப் பார்க்க ஊரே வந்து போனது. அதனால் அவள் அம்மா உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டுவிட்டாள். எங்கள் ராயபுரம் சந்து உனக்குத் தெரியும். ஒரு வீட்டு அடுப்பில் போட்டால் தெருமுனை வரைக்கும் இருமுவார்கள். "யாருமே அது, காலங்காத்தால சாவடிக்கிறது?" என்று எதிர்வீட்டு மாடியிலிருந்து ஒரு குரல் வந்தது. நானும் இருமினேன். இருமி முடித்துவிட்டு அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். முட்டிவலி ஒரு காரணம். இன்னொரு காரணம் நீ.

நீ போனபோது உன் வீட்டு வாசலில் அழுததோடு சரி. அதன்பிறகு உன்னை உட்கார்ந்து நினைக்கவே எனக்கு நேரம் கிடைக்கவில்லை என்று சொன்னால் வேறு யாராவது தப்பாக நினைப்பார்கள், நீ நினைக்கமாட்டாய். துறைமுகத்தில் மூட்டை ஏற்றும்போது என் வீட்டுக்காரருக்கு முதுகு போனதிலிருந்து இந்த வீட்டுக்கு நான்தான் கை, நான்தான் கால். தண்ணீர் பிடிக்க நான், ரேஷனுக்கு நான், கோயிலில் அன்பியம் என்று தெருக்காரர்கள் ஜெபத்துக்குக் கூடினால் பாய் விரிக்கவும் நான். உடம்பு ஓய்ந்து போய்விட்டது அக்கா. இன்று அந்த நெடி உட்காரவைத்தது. உட்கார்ந்தது உட்கார்ந்தாயிற்று, உனக்கு எழுதிவிடலாம் என்று மகளின் பழைய நோட்டை எடுத்தேன்.

குவைத்தில் அந்த வீட்டுச் சமையலறைக்குள் நான் முதல் தடவை நுழைந்த நாள் ஞாபகம் இருக்கிறதா? விமானத்தில் வாந்தி எடுத்து, ஏஜென்சி ஆபீஸிலிருந்து வந்து கூட்டிக்கொண்டு போனவன் சொன்னது ஒன்றும் புரியாமல், காது அடைத்துப் போய் நின்றேன். நீ கரண்டியும் கையுமாகத் திரும்பி என்னை மேலும் கீழும் பார்த்தாய்.

"இன்னாமே, மெட்ராஸா?"

எனக்கு உன் காலில் விழலாம் போலிருந்தது.

"ஆமாங்கா. ராயபுரம்."

"நானு கொருக்குப்பேட்ட. ரயில்வே கேட்டாண்ட."

ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு நடந்தே போய்விடலாம். அப்படி இருந்த இரண்டு பேர் கடல் தாண்டி வந்து ஒரு அடுப்புக்கு முன்னால் சந்தித்தோம். ஆண்டவர் என்னைக் கைவிடவில்லை என்று அன்றைக்கே ஒரு ஜெபமாலை சொன்னேன். நீ என்னடாவென்றால், பாதி ஜெபத்தில் கூப்பிட்டு வெங்காயக் கூடையை நீட்டினாய்.

அந்த வீட்டுச் சட்டங்களை நீ சொல்லிக்கொடுத்தது இன்னும் காதில் இருக்கிறது.

"வூட்டுக்காரிய மாமான்னு கூப்புடணும்."

"பொம்பளயவா?"

"பொம்பளயத்தான். அவ வூட்டுக்காரர பாபா. மேல கீற கெய்விய பெரிய மாமா."

"அய்ய! எங்க மாமனுக்குத் தெரிஞ்சா வுழுந்து வுழுந்து சிரிப்பாரு."

"சிரிக்கட்டும். நீ சிரிச்சு வெக்காத. சிரிச்சா அவங்களப் பாத்து நக்கல் பண்றேன்னு நெனச்சுக்கும்."

எனக்குக் கொடுத்த வேலை குழந்தை. உட்காரவே பழகாத ஆண் பிள்ளை, பால் போல நிறம். நான் பெற்றதை மாமியாரிடம் விட்டுவிட்டு வந்து இன்னொருத்தி பெற்றதை மடியில் போட்டுக்கொண்டேன். அதைப் பற்றி நிறையச் சொல்லமாட்டேன், நீயும் அப்படி வந்தவள்தானே. பாஷை மட்டும் ஒட்டவே இல்லை. அதற்குக் காரணமும் நீதான். என்ன வேண்டுமானாலும் உன்னிடம் ஓடிவந்தால் தமிழில் கிடைத்துவிடும். அப்புறம் எதற்கு அரபி? எனக்குத் தெரிந்ததெல்லாம் 'ஐவா' ஒன்றுதான். ஆமாம் என்று அர்த்தம். மாமா எது கேட்டாலும் "ஐவா, மாமா". எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்திலும் நான் படித்தது அப்படித்தான். வாத்தியார் "புரிஞ்சுதா?" என்று கேட்பார், வகுப்பே "புரிஞ்சுது சார்" என்று கத்தும். புரியவில்லை என்று சொன்னால்தான் அடி விழும். அந்தப் பழக்கத்தைத்தான் நான் கடல் கடந்து எடுத்துக்கொண்டு போனேன்.

குழந்தைக்குக் காய்ச்சல் வந்த நாளுக்கு வருகிறேன். அதற்கு முதல் நாள் வீடு நிறைய விருந்தாளிகள். வந்தவள் ஒவ்வொருத்தியும் அதைத் தூக்கிக் கன்னத்தைக் கிள்ளி, என்னென்னவோ சொல்லிக் கொஞ்சினாள். எனக்கு அப்போதே திருஷ்டி நினைப்பு வந்துவிட்டது. மறுநாள் உடம்பு கொதித்தது, பால் குடிக்கவில்லை, அழுது அழுது தொண்டை கட்டிவிட்டது. மாமா டாக்டருக்கு போன் செய்துகொண்டே இருந்தாள். நீ டிரைவரோடு காய்கறி வாங்கப் போயிருந்தாய். நீ வீட்டில் இருந்திருந்தால் என் கையைத் தட்டிவிட்டிருப்பாய்.

நான் உப்பும் காய்ந்த மிளகாயும் எடுத்தேன். குழந்தையின் சட்டையிலிருந்து ஒரு நூல் உருவினேன். உச்சந்தலையிலிருந்து ஒரு முடி. நம் பக்கத்தில் இதை யார் செய்யாமல் இருக்கிறார்கள்? எங்கள் கோயில் சாமியார் பிரசங்கத்தில் திட்டுவார்தான். திட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து செய்வோம். அப்படியும் இப்படியுமாகச் சுற்றினேன். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு அருள் நிறைந்த மரியே. கடைசியில் குழந்தை அதில் துப்ப வேண்டும். அதற்கு ஏது துப்பத் தெரியும், நானே துப்பினேன். கொண்டுபோய் கேஸ் அடுப்பில் போட்டேன்.

திருஷ்டி இருந்தால் நெடி வராது என்பார்கள். அன்றைக்கு வந்த நெடி! எல்லா ஜன்னலும் மூடி ஏசி ஓடுகிற வீடு அது. கீழே போட்ட மிளகாய் மேல்மாடி வரைக்கும் போய் ஒவ்வொரு அறையாகக் கதவு தட்டியது. அப்படியென்றால் பிள்ளைக்குத் திருஷ்டியே இல்லை, இருந்ததெல்லாம் எனக்குத்தான்.

மாமா வாயில் துணியை வைத்துக்கொண்டு ஓடிவந்தாள். அடுப்பைப் பார்த்தாள். பாதி எரிந்த நூல், சுருண்ட முடி. தன் பிள்ளையின் முடி என்று ஒரு தாய்க்குத் தெரியாதா? "சிஹிர்!" என்று அலறினாள். அந்தச் சொல் எனக்குப் புரியவில்லை. அது சூனியம். அந்த ஊரில் அதற்குப் போலீஸ் உண்டு, ஜெயில் உண்டு. வேலைக்கு வந்த பெண் மேல் ஒரு தடவை அந்தப் பேர் விழுந்துவிட்டால் அப்புறம் அவள் பேச்சை யாரும் கேட்கமாட்டார்கள். இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரியும். அப்போது தெரிந்தது, மாமா கோபமாக இருக்கிறாள், நான் பணிவாக இருக்க வேண்டும் என்பதுதான்.

அவள் கேட்டாள். நான் "ஐவா, மாமா" என்றேன். பாபா வந்து கேட்டார். "ஐவா, பாபா." என்ன கேட்டார்கள் என்று அப்புறம்தான் தெரிந்தது. பிள்ளையின் முடியை எடுத்தாயா? ஐவா. சூனியம் வைத்தாயா? ஐவா. யாராவது சொல்லித்தான் செய்தாயா? ஐவா. கையைக் கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டு, எல்லாவற்றுக்கும் ஒத்துக்கொண்டேன். பாபா போனை எடுத்தார்.

அந்த நேரத்தில்தான் நீ வந்தாய். பை கையிலிருந்து நழுவித் தக்காளி உருண்டோடியது. என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"வாய மூடு. இன்னொரு வாட்டி அந்த ஐவா வந்துச்சு, நானே உன்ன போலீசுல குட்த்துருவேன்."

அப்புறம் அவர்களிடம் பேசினாய். அவர்கள் கேட்கிற நிலையில் இல்லை. அதனால் நீ மாடிக்கு ஓடினாய். பெரிய மாமாவைக் கையைப் பிடித்து இறக்கிக் கூட்டிக்கொண்டு வந்தாய். அந்தக் கிழவி வியாழக்கிழமை தோறும் பேரப்பிள்ளைகளைச் சுற்றிப் படிகாரத்தை நெருப்பில் போடுவாள். அவர்கள் அதை ஷப்பா என்பார்கள். நம் ஊர்க் கடைவாசலில் கறுப்புக் கயிற்றில் தொங்குகிறதே, அதே கல்தான். நீ அடுப்பைக் காட்டினாய், கிழவியின் அலமாரியைக் காட்டினாய், உன் கண்ணைக் காட்டினாய். உங்களுக்குப் படிகாரம், இவள் ஊரில் மிளகாய் என்று சொன்னாயாம்.

கிழவி என்னையே பார்த்தாள். ஏதோ கேட்டாள். நீ என்னிடம் திரும்பினாய்.

"சுத்துறப்போ இன்னா மந்தரம் சொன்னேன்னு கேக்குது. ஒயுங்கா சொல்லு."

"மந்தரமாக்கா? மாதா மேல சத்தியமா இல்லக்கா. அருள் நிறைந்த மரியே தான் சொன்னேன்."

"மரியான்னா உங்க மாதாவா?"

"ஆமாங்கா."

நீ "மர்யம்" என்றாய். கிழவி கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தாள். பிறகு மகனிடம் போனைக் கீழே வைக்கச் சொன்னாள். அவர்கள் வேதத்திலும் அந்த அம்மாவுக்குப் பெரிய மரியாதை என்று நீ அப்புறம் சொன்னாய். எனக்கு அழுகை வந்தது. நீ, "அழுவாத, தக்காளிய பொறுக்கு" என்றாய்.

போலீஸ் வரவில்லை. ஆனால் மாமா பிள்ளையை என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டாள். காய்ச்சல் இறங்கட்டும், அப்புறம் இவளை என்ன செய்வதென்று பார்க்கலாம் என்று பாபா சொல்லிவிட்டார். நான் துணி தேய்க்கிற அறைக்குப் போனேன். மேலே பிள்ளை அழுவது கேட்கும், நான் சட்டையைத் தேய்ப்பேன். ஒரு சட்டைக்கு ஒரு ஜெபம். நீ மாடிப்படிக்கும் அடுப்புக்குமாக நடந்துகொண்டே இருந்தாய். எனக்காக இவள் ஏன் இப்படி அலைகிறாள் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

டாக்டர் மருந்து கொடுத்தார், பல் முளைக்கிற காய்ச்சல் என்றார், இறங்கியது. என்னை அனுப்பவில்லை. நான் நிம்மதியாக உன்னிடம் வந்து, "அக்கா, தப்பிச்சேங்கா" என்றேன். நீ பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே சொன்னாய்.

"இதான் கடைசி. இனிமே உங்கிட்ட நானு தமிழ்ல பேச மாட்டேன்."

"இன்னாக்கா வெளயாடுற?"

"இந்த வாட்டி நானு வந்தேன். அடுத்த வாட்டி நானு மார்க்கெட்டுலயே நின்னுகினு இருந்தேன்னா? ஆமான்னு சொல்றதுக்கு பாஷ வேணாம்மே, தலய ஆட்டுனா போதும். இல்லன்னு சொல்லத்தான் பாஷ வேணும். மொதல்ல அத்த கத்துக்க. லா. சொல்லு."

"லா."

"கோழிக்குஞ்சு மாரி சொல்ற. வயித்துலேந்து சொல்லு."

அவ்வளவுதான். மறுநாள் காலையிலிருந்து நீ ஊமைதான். அரபி மட்டும் பேசுகிற ஊமை. உப்பு கேட்டால் அரபியில் கேட்டாய். நான் தமிழில் பதில் சொன்னால் காது கேட்காதது போலத் திரும்பிக்கொண்டாய். அந்த ஊரில் எனக்கிருந்த ஒரே தமிழ் வாய் உன்னுடையது, அதையும் பூட்டிவிட்டாய். வீட்டிலிருந்து போன் வருமே, எப்போதாவது, அப்போதுதான் என் பாஷை என் காதில் விழும். அவரும் பாதி நேரம் முதுகுவலி என்றுதான் சொல்வார், அதுவே தேன் மாதிரி இருக்கும். உன்னை எவ்வளவு சபித்திருக்கிறேன் தெரியுமா? ஜெபமாலை முடித்து எதிரிகளுக்காக வேண்டும்போது உன் பேரைச் சொல்லியிருக்கிறேன்.

ஆனாலும் கற்றுக்கொண்டேன். வேறு வழி? தண்ணீர், பால், துணி, வா, போ, வலிக்கிறது, எனக்குத் தெரியாது, நான் செய்யவில்லை. ஒரு நாள் மாமா கண்ணாடிக் கோப்பையை நான் உடைத்தேன் என்று சத்தம் போட்டாள். உடைத்தது அவள் மூத்த மகன். நான் "லா, மாமா" என்றேன். வயிற்றிலிருந்துதான் சொன்னேன். கோப்பை எப்படி விழுந்தது என்று உடைந்த அரபியில் சொன்னேன். மாமா என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அந்த வாரத்திலேயே ஒரு மத்தியானம், களைத்துப்போய் வந்தவள், பிள்ளையை என் மடியில் போட்டுவிட்டுப் போனாள். அது என் சங்கிலியைப் பிடித்து இழுத்தது. அன்றைக்கு உன்னை மன்னித்திருக்கலாம். மன்னிக்கவில்லை.

அதற்குப் பின்னால் ஒரு நாள் பெரிய மாமாவுக்குக் கால் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தேன். கிழவி சும்மா பேசிக்கொண்டே வந்தாள். எனக்கு இப்போது புரியும் என்று அவளுக்கும் தெரியும். "உன் அக்கா அன்றைக்கு என்ன சொன்னாள் தெரியுமா?" என்றாள். குழந்தைக்கு ஏதாவது ஆகிவிட்டால் அவளைப் போலீசுக்கு அனுப்பாதீர்கள், என்னைப் பிடித்துக் கொடுங்கள், அவளுக்கு நான்தான் பொறுப்பு என்று நீ பாபாவிடம் சொன்னாயாம். எனக்குக் கை நின்றுவிட்டது. அதை நீ சொன்னபோது நான் உன் பக்கத்திலேயேதான் நின்றிருந்தேன். என் காதுபடத்தான் சொல்லியிருக்கிறாய். காது இருந்து என்ன, பாஷை இல்லை.

கீழே ஓடிவந்தேன். "அக்கா, எனக்குத் தெரிஞ்சுபோச்சுக்கா" என்று அழுதேன். நீ திரும்பிக்கூடப் பார்க்காமல் அரபியில், வெங்காயத்தை உரி என்றாய்.

நீ எப்போது மறுபடி தமிழ் பேசினாய் என்றால், நான் உன்னோடு சண்டை போட்ட அன்று. குழம்பில் நீ உப்பை அள்ளிப் போட்டுவிட்டு நான்தான் இரண்டாவது தடவை போட்டேன் என்றாய். எனக்கு வந்த கோபத்தில் கடகடவென்று அரபியிலேயே கொட்டினேன். உன் கண் தெரியவில்லை, உன் கை நடுங்குகிறது, கொருக்குப்பேட்டைக்காரிக்கு வாய் மட்டும் நீளம் என்று எல்லாம் சொன்னேன். நீ கரண்டியைக் கீழே வைத்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய்.

"போதும்மே! வா, இப்ப தமிழ்ல திட்டு, கேப்போம்."

எனக்குத் தமிழில் ஒரு வார்த்தைகூட வரவில்லை. உன் தோளில் சாய்ந்துகொண்டேன். உன் சேலையில் பூண்டு வாசம்.

நீ எனக்கு முன்னாலேயே ஊருக்கு வந்துவிட்டாய். நான் இன்னும் சில வருஷம் கிடந்துவிட்டு வந்தேன். வந்த பிறகு நாம் அடிக்கடி பார்த்துக்கொள்வோம் என்று நினைத்தேன். பக்கத்துப் பக்கத்து ஏரியாதானே. எங்கே? உனக்கு உன் வேலை, எனக்கு என் வேலை. திருவிழாவுக்கு ஒரு தடவை நீ வந்தாய், ஆடி மாதக் கூழுக்கு ஒரு தடவை நான் வந்தேன். எப்போது பார்த்தாலும் இரண்டு பேருக்கும் உட்கார முடியாத அசதி. கொஞ்சம் பேசிவிட்டு, கொஞ்சம் தூங்கிவிட்டு எழுந்து போவோம்.

உன் மருமகள் எனக்குப் போன் செய்தது ஒரு மத்தியானம். நீ படுக்கையில் விழுந்து நாளாகியிருந்தது, எனக்குத் தெரியாது. "ஆன்ட்டி, கொஞ்சம் வந்துட்டுப் போங்க" என்றாள். கேட் போட்டிருந்தது. கூட்ஸ் வண்டி போய் முடிகிற வரைக்கும் வெயிலில் நின்று, அப்புறம் தண்டவாளத்தைத் தாண்டி வந்தேன்.

நீ கட்டிலில் இருந்தாய். பாதி ஆள்தான் மிச்சம். நெற்றியில் காயம்.

"வுழுந்துடுச்சா?" என்று கேட்டேன்.

"அத்த ஏன் கேக்குறீங்க ஆன்ட்டி. படுக்கவே மாட்டேங்குது. படுக்க வெச்சுட்டு இந்தாண்ட திரும்புனா எழுந்துகினு கீது. கால கீய வெக்குது, தொப்புன்னு வுழுது. ஒரே பேஜாரா கீது. எதோ பேசுது. அக்கம்பக்கத்துல பேய் புடிச்சிக்கினு கீதுன்றாங்க. இவரு, அதெல்லாம் இல்ல, அது அரபி, ஆனா இன்னா கேக்குதுன்னு தெர்லன்றாரு. கட்டிலோட சேத்து துணியால கட்டிரலாமான்னு கேக்குறாரு. எனக்கு மனசு வர்ல. நானும் மன்ஷிதானே ஆன்ட்டி, கண்ணு மூடி நாளாச்சு."

அவளைக் குறை சொல்ல மாட்டேன். கண்ணெல்லாம் குழி விழுந்திருந்தது.

நான் கட்டிலில் உட்கார்ந்தேன். நீ என்னைப் பார்த்தாய், ஆனால் நான் யாரென்று தெரியவில்லை. உடனே எழுந்திருக்கப் பார்த்தாய். கையை ஊன்றி, பயந்து, உதவாத காலை இழுத்துக்கொண்டு. உன் முகத்தில் இருந்தது எனக்குத் தெரிந்த பயம். தூங்கிவிட்டபோது மாமா கூப்பிட்டுவிட்டால் வருகிற பயம். மெல்ல அரபியில் கேட்டாய். பெரிய மாமாவுக்கு டீ கொடுத்தாயிற்றா? "கொடுத்தாயிற்று" என்று அரபியில் சொன்னேன். உன் முகம் என் பக்கம் திரும்பியது. பிள்ளை தூங்கிவிட்டதா? தூங்கிவிட்டது. பாத்திரம்? கழுவிவிட்டேன். அப்புறம் மாமாவிடம் கேட்கிற அந்தத் தாழ்ந்த குரலில் கேட்டாய்.

"கலாஸ் ஷுகுல்?"

வேலை முடிந்ததா? அதைத்தான் அக்கா நீ இத்தனை நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாய். உன் சொந்த வீட்டில், உன் சொந்தக் கட்டிலில் படுத்துக்கொண்டு, படுக்கலாமா என்று ஒவ்வொருவரிடமும் அனுமதி கேட்டிருக்கிறாய். யாருக்கும் புரியாததால் யாரும் கொடுக்கவில்லை.

"கலாஸ்" என்றேன். "கலாஸ் ஷுகுல், அக்கா. நாமி." முடிந்தது, தூங்கு.

நீ காலை நீட்டினாய். அவ்வளவு நீளமாக ஒரு மூச்சு விட்டாய். உன் மருமகள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு கதவில் சாய்ந்து நின்றாள். "இன்னா ஆன்ட்டி சொன்னீங்க?" என்று கேட்டாள். அந்த இரண்டு வார்த்தையை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். "கலாசு, நாமி" என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். கோழிக்குஞ்சு மாதிரிதான் சொன்னாள். ஆனால் உனக்கு அது போதுமாக இருந்தது. அப்புறம் உன்னைக் கட்ட வேண்டியிருக்கவில்லை. கடைசி நாளும் அவள்தான் பக்கத்தில் இருந்து சொன்னாளாம். நான் ரேஷன் வரிசையில் நின்றிருந்தேன்.

அக்கா, உன்மேல் எனக்குக் கொஞ்சம் கோபம் இன்னும் இருக்கிறது. அந்த மாதங்களில் ஒரே ஒரு நாள், ஒரு வார்த்தை தமிழில் பேசியிருக்கலாம். அந்தக் கோபத்தையும் நான் கீழே போடவில்லை, பாஷையையும் போடவில்லை, இரண்டும் ஒன்றாகவே கிடக்கிறது. இங்கே அரபி பேச யாரும் இல்லை. அதனால் ஜெபமாலை முடிந்ததும் மாதாவிடம் பேசுகிறேன். அவர்களுக்கு அந்தப் பாஷை விளங்கும், அந்தப் பக்கத்துக்காரர்கள்தானே. கொருக்குப்பேட்டையிலிருந்து ஒருத்தி வந்திருப்பாள் அம்மா, யாராவது கூப்பிட்டால் உடனே எழுந்து வந்துவிடுவாள், நீங்களாவது கூப்பிடாதீர்கள் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.